'கொள்' - ஒரு கிரேக்கச் சொல்லும் தரங்கம்பாடி அச்சகமும்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் கூடை நிரம்பியதும் "இதுக்கு மேல கொள்ளாது" என்பார்கள். மலைக்குக் கீழே, அதே சேலம் மாவட்டத்தில், மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று செய்தித்தாளில் வருகிறது. கூடைக்கும் அணைக்கும் சொல் ஒன்றுதான்: கொள்.

கிரேக்கத்தில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. புதிய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்கத் தொடங்குபவர்கள் சந்திக்கும் 'கோரெயோ' என்ற வினைச்சொல் அது. அகராதியைத் திறந்தால் தலை சுற்றும்! இடம் விடு, நகர்ந்து போ, இவ்வளவு பிடி, மனத்தில் ஏற்றுக்கொள் என்று பொருள் நீளும். கானா ஊர்க் கல்யாண வீட்டுக் கற்சாடிகள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதற்கும் இதே சொல்தான். கப்பர்நகூம் வீட்டு வாசலில் கூட்டத்துக்கு இடமில்லை என்பதற்கும், ஒரு கடினமான போதனை எல்லோர் மனத்திலும் ஏறாது என்பதற்கும் இதேதான்.

இதை முதலில் தமிழில் அச்சேற்றியவர் சீகன்பால்க். ஜெர்மானியரான அவர் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1711-இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார்.

அடுத்து வந்தது அச்சுப் பிரச்சினை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதமோ தட்டுப்பாடு. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. மீதிக்காகத் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் வேலை முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நடந்ததை எல்லாம் எழுதினால் அந்தப் புத்தகங்களை உலகமே தாங்காது என்று யோவான் சுவிசேஷம் முடிகிறது. அங்கேயும் வருவது கோரெயோதான்! காகிதம் போதாமல் திண்டாடியவர்களுக்கு அந்தச் சொல் நன்றாகவே புரிந்திருக்கும்.

பின்னர் 1772-இல் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பும், 1871-இல் பவர் தலைமையிலான குழுவின் திருத்தமும் வந்தன. இன்றும் பலர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் கற்சாடிக்கும் யோவானின் முடிவுக்கும் 'கொள்' வருகிறது. போதனைக்கு 'ஏற்றுக்கொள்'. கூட்டத்துக்கு மட்டும் 'இடம்'.

ஆகவே கோரெயோவின் அர்த்தங்களை ஆங்கிலத்தில் வரிசையாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நகர்தல் என்ற பொருளைத் தனியே குறித்துக்கொண்டால் போதும். மற்றதைக் காப்பிக் கூடையே சொல்லிக் கொடுத்துவிடும்.