நாய்க்குட்டி தரையில் கிடப்பதைத் தின்னல்

வெளியே நடத்திச் செல்லும்போது நாய்க்குட்டி வழியில் கிடக்கும் எலும்பு, எச்சில் இலை, சாணம், கல், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைக் கவ்வி விழுங்குவது அதன் இயல்பான நடத்தை. குட்டிக்கு வாய்தான் கை. 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைத்து முடியும் ஆறேழு மாத வயதுவரை ஈறு தினவும் சேர்வதால் பழக்கம் மிகும்.

இதன் வேர் மிகப் பழையது; நாய் மனிதரோடு வாழத் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியின் பான் நகரையொட்டிய ஓபர்காசெலில் 1914இல் மனித எலும்புகளோடு கிடைத்த நாயெலும்புகள் ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையானவை. அது ஏழு மாதம்கூட நிறையாத குட்டி. கடும் நோயுற்ற அதை மனிதர் பேணியிருக்க வேண்டும் என்பதற்கு அதன் பற்களே சான்று. ஓநாய் நாயானது எவ்வாறு என்பதற்கு, வேட்டைக்காரர்கள் ஓநாய்க் குட்டிகளைப் பிடித்து வளர்த்தார்கள் என்பது ஒரு விளக்கம். மனிதக் குடியிருப்பின் குப்பைமேட்டை நாடிவந்த, அச்சம் குறைந்த ஓநாய்களே தாமாகப் பழகின என்பது ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் இருவரும் 2001இல் வெளியிட்ட நூலின் கருத்து. இதுவே நாயின் இன்றைய நடத்தைக்குப் பொருந்துகிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு கூடியிருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பொறுக்கித் தின்னும் குட்டியை அடங்காதது என்பது தவறு. முன்னோர் பிழைத்த வழியிலேயே அது நடக்கிறது.

இந்நடத்தை மூவகைப்படும். உணவுத் துணுக்குகளை உண்பது பொறுக்கித் தின்னல். மண், கல், துணி போன்றவற்றை விழுங்குவது பைக்கா. எதையும் கொத்திப் பொறுக்கும் மேக்பை பறவையின் லத்தீன் பெயர் அது. இரத்தசோகையோ செரிமானக் கோளாறோ இதற்குக் காரணமாகலாம். மூன்றாவது மலம் தின்னல். தாய்நாய் தன் குட்டிகளின் கழிவை நக்கித் தூய்மை செய்வது இயற்கை. பிற நாய்களின் மலத்தைத் தின்னும் குட்டிக்குப் பார்வோ நச்சுயிரியும் குடற்புழுவும் தொற்றும்.

வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டை குடலை அடைக்கும். எலி மருந்து, அரளி, சாக்லேட், உலர்திராட்சை ஆகியவை நஞ்சு.

தடுப்புப் பயிற்சி வீட்டிலேயே தொடங்குகிறது. மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து நீட்டினால் குட்டி நக்கும், பிறாண்டும். சலித்து முகத்தை விலக்கும் கணத்தில் “விடு” என்று சொல்லி மறுகையிலிருந்து அதைவிடச் சுவையான துண்டைத் தர வேண்டும். பின்னர் பண்டத்தைத் தரையில் வைத்தும், அதைக் கடந்து நடத்தியும் பழக்குவர். வாயில் கவ்விவிட்டதை இறைச்சித் துண்டுக்கு மாற்றாக வாங்குவதே முறை. துரத்திப் பிடித்து வாயைப் பிளந்து பிடுங்கினால், பறிபோகுமென அஞ்சி அடுத்த முறை குட்டி அவசரமாக விழுங்கிவிடும்; அடிப்பதன் விளைவும் இதுவே. பழகும்வரை கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பதும், குப்பைத்தொட்டி, இறைச்சிக்கடை இருக்கும் தெருக்களைத் தவிர்ப்பதும் உதவும்.

மூச்சுவிடவும் நீர் பருகவும் இடமுள்ள கூடை வடிவ வாய்மூடியும் இப்போது கிடைக்கிறது.

நஞ்சை விழுங்கிய குட்டியை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியெடுக்க வைப்பதாக உப்புநீர் புகட்டினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே உயிரைப் பறிக்கக்கூடும்.