18 கிலோ மூட்டையும் ஒரு சிவப்புக் கண்ணாடியும்

மலையேறக் கிளம்பும்போது எந்த கேமரா சாமானை எடுத்துக்கிறது, எதை வீட்டுல விட்டுட்டுப் போறது? லென்ஸ் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா? ட்ரைபாடைத் தூக்கிட்டு எவன் ஏறுவான்? பை கட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடைச்சல்தான். அப்பல்லாம் 1927-ல கலிபோர்னியாவில் ஒருத்தர் முதுகில் ஏறின பையை நினைச்சுக்குவேன்.

அந்த ஒருத்தர் ஆன்சல் ஆடம்ஸ். இயற்கைப் படங்கள்னாலே பின்னாளில் அமெரிக்காவில் முதலில் சொல்லப்பட்ட பேர். அப்போ அவருக்கு வயசு 25. ஏப்ரல் 10-ம் தேதி, கல்யாணம் பண்ணிக்கப்போற வர்ஜீனியாவோடும் சில நண்பர்களோடும் யோசமிட்டியில் 'டைவிங் போர்டு' என்கிற பாறைக்கு ஏறினார். அங்கேயிருந்து பார்த்தா ஹாஃப் டோம் மலையின் செங்குத்தான முகம் தெரியும். கவிழ்த்து வெச்ச பானையை நடுவுல வெட்டின மாதிரி ஒரு மலை அது.

பையில என்ன இருந்துச்சு? ஆறரைக்கு எட்டரை அங்குலத்துக்குப் படம் பிடிக்கிற கொரோனா கேமரா. லென்ஸ் ரெண்டு. மஞ்சள் ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு ஃபில்டர் ரெண்டு. கனமான மர ட்ரைபாட். கண்ணாடி பிளேட் 12. எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 18 கிலோ!

12 பிளேட்னா மொத்தமே 12 படம்தாங்க. நாம டீ குடிக்கிற நேரத்துல அதைவிட அதிகமா கிளிக் பண்ணிடுவோம் :-)

அவர் போய்ச் சேர்ந்தப்போ மலை முகம் நிழல்ல கிடந்துச்சு. மதியம் வெயில் விழற வரைக்கும் காத்திருந்தார். கையில மிச்சம் ரெண்டே பிளேட். வழக்கம்போல மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒண்ணை எடுத்தார். எடுத்த பிறகுதான், தான் உணர்ந்த அந்த பிரம்மாண்டம் இதுல வராதே, வானம் வெளிறிப் போயிடுமேன்னு தோணியிருக்கு. கடைசி பிளேட்டுக்கு சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துடும். அதனால வானம் கிட்டத்தட்ட கறுப்பாவே விழுந்துச்சு. 'மோனோலித்' என்கிற அந்தப் புகழ்பெற்ற படம் இதுதான்.

இதைப் பத்தி எழுதறவங்க எல்லாம் அவரோட கற்பனையைப் புகழ்வாங்க. சரிதான். ஆனா எனக்குப் பிடிச்ச மேட்டர் அந்தப் பைக்குள்ள இருக்கு.

சிவப்பு ஃபில்டர் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிளேட்டுகளுக்கு சிவப்பு ஒளி தெரியவே தெரியாது. அவர் கொண்டுபோனது எல்லா நிறமும் உணர்ற பான்குரோமாட்டிக் பிளேட். அடுத்த சிக்கல், அந்த ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்னுடும். அதுக்காக 16 மடங்கு எக்ஸ்போஷர் கொடுக்கணும். எஃப் 22-ல 5 நொடி! 5 நொடிக்கு கேமரா அசையாம நிக்கணும்னா கையால முடியுமா? வழியெல்லாம் தோளை அழுத்தின அந்த மர ட்ரைபாட் அங்கேதான் கூலி கொடுத்துச்சு.

அதாவது பிளேட், ஃபில்டர், ட்ரைபாட், இதுல எது இல்லாட்டியும் படம் இல்லை. இத்தனைக்கும் அந்த சிவப்பு ஃபில்டர்தான் மூட்டையிலேயே லேசான சாமான்களில் ஒண்ணு. 1937-ல அவரோட இருட்டறையில தீப்பிடிச்சு நிறைய நெகட்டிவ் போச்சு. இந்த பிளேட் ஓரம் கருகினதோட தப்பிச்சது.

வானத்தை இப்போ கம்ப்யூட்டர்ல கறுப்பாக்கிக்கலாமேன்னு கேட்பீங்க. ஆக்கலாம். ஆனா அசைஞ்சு போன படத்தை நிமிர்த்த முடியாது, தீர்ந்துபோன பேட்டரி மலை மேல உயிர் பெறாது. அதனால நான் ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா எடை போடறதில்லை. இதை வெளியே எடுத்து வெச்சா கூடவே வேற எதெல்லாம் வீணாகும்னுதான் பார்க்கிறேன். சாயங்கால வெளிச்சத்துல அருவி எடுக்கணும்னா ட்ரைபாட் வரும், ரெண்டாவது லென்ஸ் வீட்டுல இருக்கும்.

சரி மக்கா, உங்க பையில கடைசி வரைக்கும் வெளியே போகாத சாமான் எது? சொல்லிட்டுப் போங்க.