நரியின் மீது ஒரு வழக்கு

பாரதத்துப் பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழிவழிச் சென்று, கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவர்களால் ‘கலீலா வ திம்னா’ என அரபு உடை பூண்டன. திம்னா என்னும் நரி, காளை மீது பழி சுமத்தி அதன் உயிரைப் போக்குகிறது. அரபு நூலில் கதை அங்கே முடிவதில்லை. நரியும் விசாரிக்கப்பட்ட பின்னரே தண்டனை பெறுகிறது. இன்று மாட்டுக் காசநோயைப் பரப்புவது காட்டு நரியோ என்னும் ஐயம் எழுந்திருக்கிறது. தீர்ப்புக்கு முன் நாமும் விசாரிப்போம்.

அரபு மருத்துவர்கள் ‘ஸில்’ என்றழைத்த காசம் தொற்றக்கூடியது என்று இப்னு ஸீனா (மறைவு 1037) தம் ‘அல்கானூன்’ நூலில் குறித்தார். 1882இல் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், மாட்டின் காசத்தால் மனிதர் அஞ்ச வேண்டியதில்லை என்று 1901இல் லண்டனில் கூறினார். பிரிட்டிஷ் அரச ஆணைக்குழு பத்தாண்டு ஆராய்ந்து அதை மறுத்தது. பேரறிஞரின் சொல்லாயினும் சான்றே வென்றது.

நரியிடம் வருவோம். பிரான்சின் தோர்தோன் பகுதிச் செந்நரிகளிடம் மாட்டுக் காசக் கிருமி இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் அது நோயுற்ற மாடுகள் உள்ள பகுதி. செத்த விலங்கைத் தின்னும் நரி, நோயைக் கொடுப்பதற்கு முன் பெற்றுக்கொள்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிப் பெருஞ்சோதனை தொடங்கியது. மாட்டுக் கிருமியை வலுவிழக்கச் செய்து உண்டாக்கிய ஊசி அது. பெரியோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பது 1979இல் வெளிப்பட்டது. குழந்தைகளைக் கடுங்காசத்திலிருந்து காக்கவே இன்றும் இடப்படுகிறது. வேலூர் மருத்துவக் கல்லூரியின் 940 மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு மேலும் வியப்பூட்டுவது. மேல்நாட்டு மாடுகளைப் பீடிக்கும் ‘போவிஸ்’ கிருமி நோயாளியரிடம் காணப்படவில்லை. அதன் உறவான ‘ஒரிஜிஸ்’ எழுவரிடம் இருந்தது. சென்னையில் மாட்டிடமும் மானிடமும் கண்டதும் இந்த ஒரிஜிஸையே.

ஆலைகள் எழுந்த ஒரகடச் சாலையோரத்தில் இன்றும் மாடுகள் மேய்கின்றன. அவற்றின் பாலை நம் பிள்ளைகள் அருந்துகின்றனர். பாலை நன்கு காய்ச்சுவதும், இருமி மெலியும் மாட்டைச் சோதிப்பதும், செத்ததை ஆழப் புதைப்பதும் நம் கையில் உள்ளவை. இவற்றைச் செய்யாமல் நரியைப் பழிப்போமாயின், திம்னாவின் வேலையை நாமே செய்தவர்களாவோம்.