தெளிந்த நீர்: அமெரிக்கக் கொல்லைப்புறக் குளங்களின் வரலாறு

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலம் முழுதும் மூடிக்கிடக்கும் கொல்லைப்புற நீச்சல் குளங்கள் மே மாதத்தில் திறக்கப்படுகின்றன. மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போர்களில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் விடுமுறை நாள். செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் நாள். இவ்விரு விடுமுறைகளுக்கும் இடைப்பட்ட காலமே அங்கு நீச்சல் பருவம். முதல் விடுமுறைக்குள் குளம் ஆயத்தமாகிவிட வேண்டும் என்பது வீட்டுக்காரர்களின் கணக்கு.

திறப்பதென்றால் மூடியை விலக்குவது மட்டுமன்று. இலையுதிர் காலத்தில் குளத்தின் மீது இழுத்துக் கட்டிய தடித்த விரிப்பில் மழைநீரும் பனி உருகிய நீரும் அழுகிய இலைகளும் தேங்கியிருக்கும். அவை உள்ளே விழுந்துவிடாதபடி முதலில் சிறு பம்பு வைத்து இறைத்துவிட வேண்டும். குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து அவை வெடித்துவிடாமலிருக்கச் செருகிவைத்த அடைப்பான்களைக் கழற்ற வேண்டும். ஏணியைப் பொருத்த வேண்டும். குறைந்திருக்கும் நீரை நிரப்ப வேண்டும். அதன்பின் பம்பையும் வடிகட்டியையும் இரவும் பகலும் ஓடவிட்டுச் சுவர்களைத் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

அடுத்தது நீர்ச் சோதனை. வேதிப்பொருள் பூசிய தாள்துண்டை நனைத்து அதன் நிறமாற்றத்தை அட்டவணையோடு ஒப்பிடுவர். அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் காட்டும் பி.எச். எண் 7.2க்கும் 7.8க்கும் இடையே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் குளோரின் வலுவிழக்கும், சுவரில் சுண்ணம் படியும். கீழே போனால் கண் எரியும், உலோகம் அரிக்கும். ஏறிய எண்ணை இறக்குவதற்கு ஊற்றுவது மியூரியாட்டிக் அமிலம். நம் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் அது. கதிரவனின் ஒளி குளோரினைச் சிதைத்துவிடுமாதலால், அந்தி சாய்ந்தபின் மிகுதியான அளவில் அதைக் கலந்து பாசியையும் கிருமிகளையும் அழிப்பர். சில நாட்களில் பச்சை நீர் தெளிந்து தரை கண்ணுக்குப் புலப்படும்.

இதை வெறும் வீட்டுவேலை என்று கடந்து போய்விடலாம். ஆனால் ‘குளத்தைத் தூய்மை செய்தல்’ என்பதற்கு அந்நாட்டு வரலாற்றில் இரண்டு பொருள்கள் இருந்திருக்கின்றன. ஒன்று தாள்துண்டைக் கொண்டு அளக்கக்கூடியது. மற்றொன்று எந்தக் கருவியாலும் அளக்க இயலாதது. குளம் ஏன் கொல்லைப்புறத்துக்கு வந்தது என்று கேட்கப் புகுந்தால், அந்த இரண்டாவது பொருளை எதிர்கொள்ளாமல் தப்ப முடியாது.

* * *

தொடக்கத்தில் அங்கும் குளம் பொதுவுடைமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டன், பிலடெல்பியா போன்ற நகரங்கள் கட்டிய குளங்கள் விளையாட்டுக்கானவை அல்ல. குளியலறை இல்லாத குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் உடலழுக்கைக் கழுவிக்கொள்வதற்கானவை. வடபுலத்து நகரங்களில் ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு வேறு நாள் என்ற பிரிவினை இருந்தது. ஆனால் கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளைத் தொழிலாளரும் ஒரே நீரில் இறங்கினர். அமெரிக்க நீச்சல் குளங்களின் சமூக வரலாற்றை 2007இல் நூலாக எழுதிய ஜெஃப் வில்ட்சி இதை விரிவாகக் காட்டுகிறார்.

1908இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. 1910ஆம் ஆண்டளவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளத்தில் அம்முறை சோதிக்கப்பட்டது. ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்கு நீர் வழியே நோய் பரவும் என்ற அச்சத்துக்கு அறிவியல் விடை கண்டுவிட்டது. அப்படியானால் சேர்ந்து நீந்துவதற்கு எதிரான தயக்கங்கள் தளர்ந்திருக்க வேண்டும்.

நடந்ததோ நேர்மாறு. 1920களிலும் 30களிலும் குளங்கள் மணற்பரப்பும் புல்வெளியும் சூழ்ந்த பெரும் பொழுதுபோக்கிடங்களாக மாறின. 1936ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் நியூயார்க் நகரம் பதினொரு பெருங்குளங்களைத் திறந்தது. குடும்பத்தோடு நீந்தலாம் என்று ஆண், பெண் பிரிவினை பரவலாகக் கைவிடப்பட்டது. அது காலி செய்த இடத்தில் நிறப் பிரிவினை வந்து அமர்ந்தது. நீச்சலுடை அணிந்த வெள்ளைப் பெண்ணின் அருகே கறுப்பின ஆண் இருப்பதை வெள்ளையர் சமூகம் பொறுக்கவில்லை. 1931இல் பிட்ஸ்பர்க் நகரின் ஹைலண்ட் பூங்காக் குளம் திறந்தபோது, நீந்த வந்த கறுப்பின இளைஞர்களை வெள்ளையர் அடித்து விரட்டினர். இத்தகைய விலக்கங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானவை தூய்மையும் நோயும். கிருமிக்கு மருந்து வந்த பிறகுதான் கிருமியைக் காரணம் காட்டிய விலக்கம் வலுப்பெற்றது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் இதற்கு ஒரு சான்று. 1913இல் திறக்கப்பட்ட அது, ஆயிரக்கணக்கானோர் ஒருசேர இறங்கக்கூடிய பெருங்குளம். 1949 ஜூன் 21ஆம் நாள், நகர நிர்வாகத்தின் அனுமதியோடு முதன்முறையாகச் சில கறுப்பினச் சிறுவர்கள் அதில் நீந்தினர். மாலைக்குள் ஆயிரக்கணக்கான வெள்ளையர் திரண்டு, கண்ணில் பட்ட கறுப்பினத்தாரைத் தாக்கினர். மறுநாளே நகரத் தலைவர் அனுமதியைத் திரும்பப் பெற்றார். நீதிமன்ற ஆணையால் 1950இல் குளம் அனைவருக்கும் திறந்தது; ஆனால் வெள்ளையர் வரவில்லை. 1948ஆம் ஆண்டுக் கோடையில் 3,13,000ஆக இருந்த நீந்துவோர் வருகை 1950இல் 10,000ஆகச் சுருங்கியது என்று வில்ட்சி கணக்குத் தருகிறார். 1956இல் குளம் மூடப்பட்டது.

* * *

அவர்கள் எங்கே போயினர்? ஒரு பகுதியினர் உறுப்பினர் மட்டுமே நுழையக்கூடிய சங்கக் குளங்களுக்குப் போயினர். மற்றொரு பகுதியினர் கொல்லைப்புறத்துக்குப் போயினர். 1950ஆம் ஆண்டுக்கு முன்பு நிலத்தில் வெட்டிய சொந்தக் குளம் வைத்திருந்த குடும்பங்கள் அந்நாட்டில் சுமார் 2,500 மட்டுமே. 1999இல் அவற்றின் எண்ணிக்கை 40 இலட்சத்தை எட்டியது.

இப்பெருக்கத்துக்கு நிறவெறுப்பு ஒன்றே காரணம் என்று எழுதினால் அது வரலாறாகாது. போருக்குப் பிந்தைய ஊதிய உயர்வு, புறநகரங்களின் வளர்ச்சி, தவணைக் கடன், தொழில்நுட்பம் எல்லாம் சேர்ந்தே குளத்தைக் கொணர்ந்தன. சிமெண்டுக் கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும் கருவியைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஏக்லி. சிகாகோ அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல் நிறுத்திய கலைஞர். அருங்காட்சியகக் கட்டடத்தின் உரிந்த பூச்சைச் சீர்செய்ய அவர் உருவாக்கிய அக்கருவிக்கு 1911இல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அதே முறைதான், அச்சுப் பலகைகள் இன்றி வளைந்த வடிவக் குளங்களைக் குறைந்த செலவில் கட்டும் வழியைத் திறந்தது. 1948இல் தாமஸ் சர்ச் கலிபோர்னியாவின் சொனோமாவில் அமைத்த டானெல் தோட்டத்தின் குளம் சிறுநீரக வடிவத்துக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. பின்னர் எத்தனையோ கொல்லைகளில் அதன் சாயல் படிந்தது.

ஆயினும் கொல்லைப்புறம் என்ற ஒன்று யாருக்கு வாய்த்தது என்பதையும் கேட்டாக வேண்டும். புறநகர் வீட்டுக்கடனுக்கு உறுதியளித்த கூட்டரசின் வீட்டுவசதி அமைப்பு, கறுப்பினத்தார் வாழும் பகுதிகளை இடர் மிகுந்தவை என்று ஒதுக்கியது. பல புறநகர்களின் பத்திரங்களில் கறுப்பினத்தாருக்கு விற்கலாகாது என்ற விதியே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கு எழுந்ததும் செயின்ட் லூயிஸ் நகரில்தான். ஆகவே சொந்தக் குளம் என்பது செல்வத்தின் அடையாளம் மட்டுமன்று. அடுத்தவரோடு நீரைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை என்ற விடுதலைப் பத்திரமும் ஆயிற்று.

* * *

1964 ஜூன் 18ஆம் நாள் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். மான்சன் மோட்டார் லாட்ஜ் என்னும் விடுதியின் உணவகத்தில் இடம் கேட்டதற்காக ஒரு வாரம் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டிருந்தார். அன்று கறுப்பின இளைஞர்களும் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து அவ்விடுதியின் குளத்தில் குதித்தனர். விடுதி மேலாளர் ஒரு கலத்தைத் தூக்கிவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீரில் ஊற்றினார். அதில் இருந்தது மியூரியாட்டிக் அமிலம். பருவந்தோறும் பி.எச். எண்ணை இறக்க ஊற்றும் அதே அமிலம். குளத்தைத் தூய்மை செய்வதாக அவர் கூவியதாகச் செய்திகள் கூறுகின்றன.

அவ்வளவு நீரில் அவ்வமிலம் நீர்த்துப்போய்விடும் என்பதை அறிந்திருந்த இளைஞர்கள் அஞ்சி வெளியேறவில்லை. காவலர் ஒருவர் நீரில் குதித்து அவர்களைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நிழற்படம் உலகெங்கும் அச்சாயிற்று. மறுநாள் அமெரிக்க மேலவை குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதிக் குளத்திலோ நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது.

நீரில் எந்தக் குறையும் இல்லாதபோது நீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புதல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் மகாட் நகரின் சௌதார் குளத்து நீரை அள்ளிப் பருகியபின், சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் கொண்டு அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். அங்கே அமிலம், இங்கே கோமியம். இரண்டும் நீருக்காக ஊற்றப்பட்டவை அல்ல. 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவின் தீண்டப்படாதவருள் ஒருவர் என்று மாணவர்க்கு அறிமுகம் செய்ததையும், முதலில் அது தம்மைத் துணுக்குறச் செய்ததையும், பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததையும் கிங் 1965இல் ஓர் உரையில் சொன்னார். செயின்ட் அகஸ்டின் நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு அது.

அமிலம் ஊற்றப்பட்டுச் சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 18ஆம் நாளிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் ஜான் சீவரின் ‘நீச்சல்காரன்’ சிறுகதை வெளிவந்தது. நெட்டி மெரில் என்னும் புறநகர் மனிதன், அண்டை வீட்டாரின் குளங்களையெல்லாம் ஓர் ஆறாகக் கற்பித்து, அதற்குத் தன் மனைவி லுசிண்டாவின் பெயரைச் சூட்டி, ஒவ்வொன்றாக நீந்தியே வீடு போய்ச் சேர முனையும் கதை. வழியில் கோடை இலையுதிர் காலமாகிறது. அவன் வாழ்வின் சரிவு மெல்லத் தெரியவருகிறது. குடியின் கதையாகவும் மறதியின் கதையாகவும் காலத்தின் கதையாகவும் அது வாசிக்கப்பட்டுள்ளது. நாம் கவனிக்க விரும்புவது அதன் நடுவே வரும் ஓரிடத்தை. சொந்தக் குளங்களுக்கிடையில் ஒரு பொதுக் குளத்தையும் அவன் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கே குளோரின் நெடி, கூட்டம், இறங்குமுன் குளிக்க வேண்டும், காலைக் கழுவ வேண்டும் என்ற கட்டளைகள். அடையாள வில்லை இல்லாததால் காவலர்கள் அவனை வெளியே போகச் சொல்கின்றனர். கதையில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பொதுவான நீர் என்றாலே கலங்கிய நீர் என்ற உணர்வு 1964இல் ஒரு புறநகர் மனத்தில் எவ்வளவு இயல்பாகக் குடிகொண்டிருந்தது என்பதை அவ்விடம் காட்டிக்கொடுக்கிறது.

* * *

எதிர்க்குரல்கள் இல்லாமலில்லை. 1969 மே மாதம், குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடரில் ஃப்ரெட் ரோஜர்ஸ் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிக் காலை நனைத்துக்கொண்டிருந்தார். காவலர் வேடத்தில் வந்த கறுப்பினப் பாடகர் ஃபிரான்சுவா கிளெமன்ஸை உடன் அமர அழைத்தார். துண்டு இல்லை என்றார் கிளெமன்ஸ். என் துண்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார் ரோஜர்ஸ். நான்கு பாதங்கள் ஒரு தொட்டியில் இருந்தன, அவ்வளவே காட்சி.

சட்டம் அத்துணை தாராளமாக இல்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், பிரிவினை கூடாது என்ற தீர்ப்புக்குப்பின், தன் பொதுக் குளங்களை நடத்துவதையே கைவிட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. குளம் எவருக்கும் இல்லையென்றால் அனைவரும் சமமே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். சமம் என்ற சொல் இவ்வளவு வறண்டு பயன்பட்டது அரிது. சொந்தக் குளம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் பொதுக் குளத்தின் மூடல் ஒரே இழப்பாகுமா?

அதன் விலை இன்னும் செலுத்தப்பட்டு வருகிறது. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, நீச்சலே தெரியாத அல்லது அரைகுறையாகவே தெரிந்த குழந்தைகள் வெள்ளையரிடையே 40 விழுக்காடு; கறுப்பினத்தாரிடையே 64 விழுக்காடு. பத்து முதல் பதினான்கு வயது வரையிலான கறுப்பினச் சிறுவர்கள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளைச் சிறுவர்களைப்போல் 7.6 மடங்கு என்று அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் கணக்கிட்டுள்ளது. நீந்தத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் நீந்தக் கற்பது அரிது. குளம் வைத்த வீடு ஒரு சாராருக்கு வழிவழியாக இறங்கியதுபோல், நீரின் அச்சம் மறுசாராருக்கு வழிவழியாக இறங்கியிருக்கிறது.

வசந்தத்தில் விரிப்பை விலக்கித் தாள்துண்டை நனைத்துப் பார்க்கும் வீட்டுக்காரரின் மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. பாசி படிந்த நீரைத் தெளியவைப்பது நற்செயலே. அமிலத்தை அளந்து ஊற்றுவதும் தேவையே. ஆனால் அந்தத் தெளிந்த நீருக்கு அருகில், மண் கொட்டி மூடப்பட்டுப் புல் முளைத்துக் கிடக்கும் பொதுக் குளம் ஒன்றும் இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே அந்நாட்டுக் கோடையின் வரலாறு முழுமை பெறுகிறது.