வான்கம்பியும் செம்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வானொலி ஆர்வலர் தம் வான்கம்பிக்குச் செம்பைத் தேர்ந்தமைக்கு அதன் கடத்துதிறனே காரணம் என்பது பொதுவான கருத்து. இக்கருத்து முழுமையானதன்று என்பது நமது துணிபு. மின்னைக் கடத்துவதில் செம்பு இரும்பினும் மேம்பட்டது என்பதைத் தந்தித்துறையினர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். எனினும், நெடுந்தூர வழிகளுக்கு அவர்கள் பெரும்பாலும் இரும்புக் கம்பியையே பயன்படுத்தினர். மென்செம்பு தன் பாரத்தாலேயே நீண்டு தொய்ந்தமையே இதற்குக் காரணமாகும். 1877 இல் அமெரிக்கரான தோமஸ் டூலிற்றில் செம்பைக் குளிர்நிலையில் அச்சுத்துளைகளினூடாக இழுத்து வன்மையுறச் செய்தார். 1884 இல் பொஸ்ரன், நியூயோர்க் நகரங்களை இணைத்த தொலைபேசி வழியில் இத்தகைய செம்புக் கம்பியே இடம்பெற்றது. பின்வந்த வானொலி ஆர்வலர்க்கு முதுசொமாய்க் கிடைத்ததும் இதுவே.

மற்றொரு வழியை இயற்பியல் திறந்தது. விரைந்து மாறும் மின்னோட்டம் கடத்தியின் புறப்பரப்பை அண்டியே செறியும் என்பதை 1880களில் ஹொரஸ் லாம், ஒலிவர் ஹெவிசைட் ஆகியோர் கணித்துக் காட்டினர். 7 மெகாஹேட்ஸ் மீடிறனில், செம்பினுள் அவ்வோட்டம் செறியும் ஆழம் ஏறத்தாழ 0.025 மில்லிமீற்றரே. எனவே, உருக்கின்மேல் செம்பு போர்த்த கம்பி, அப்போர்வை போதிய தடிப்புடையதாயின், முழுச்செம்பை ஒப்பவே தொழிற்படும். இழுவையை உருக்குத் தாங்கும். நீண்ட வான்கம்பிகளுக்கு இது பெரிதும் ஏற்றதாயிற்று.

ஆகவே, கம்பித் தேர்வின் வரலாற்றை ஆராய்வோர் கடத்துதிறனையும் வலிமையையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.