நீருக்கு நீரே மடை

மதுரைக்கு மேற்கே, நாகமலைத் தொடரை அடுத்துள்ள கீழக்குயில்குடிக்கு வரலாற்று ஆர்வலர்கள் பெரும்பாலும் சமணர் மலைக்காகவே செல்கின்றனர். செட்டிப்புடவுக் குகையும், பேச்சிப்பள்ளத்தின் தீர்த்தங்கரர் வரிசையும், சிற்பங்களின் கீழே வெட்டப்பட்டிருக்கும் வட்டெழுத்துகளும் நம்மில் பலருக்குப் பழக்கமானவை. ஆனால் அங்கே நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அது நீர். மலையடிவாரத்தில் தாமரைக் குளம். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனை. மழை குறைந்த சமவெளியில், நீர் தங்கும் இடம் பார்த்துத்தான் துறவிகளும் தங்கினர், ஊரும் தங்கியது. வைகைச் சமவெளியின் வரலாற்றை நீரை நிறுத்திய வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

நிறுத்துவது என்றால் தேக்குவது மட்டும் அன்று. ஓடும் நீரை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் மறித்து, பின்னர் விடுவிப்பதும் நிறுத்துவதுதான். ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் சேந்தனின் வைகைக் கல்வெட்டு மதகு அமைத்த செய்தியைத்தான் பெருமையுடன் பதிவு செய்கிறது. நம் கண்மாய்களின் குமிழித்தூம்பு இவ்வகையில் ஓர் அருமையான ஏற்பாடு. நீருக்குள் நிற்கும் கல்தூண்கள். அவற்றினிடையே, அடியில், ஒரு கல்தொட்டி. அதன் மேற்புறத்தில் நீரோடித் துளை, கீழே பக்கவாட்டில் சேறோடித் துளை. மேல்துளையை அடைத்திருக்கும் அடைப்பை உயர்த்தினால், கரையின் அடியில் புதைந்த சுருங்கை வழியே நீர் வெளியேறும், இறக்கினால் நிற்கும். தூம்பு என்ற சொல்லே உள்துளை கொண்ட பொருளைக் குறிப்பது. ஆகவே குழாயை எப்படி அடைப்பது என்ற வினா நமக்குப் புதிதன்று.

இங்கு நாம் பேச விரும்புவது அவ்வினாவுக்குக் கடந்த இரு நூற்றாண்டுகளில் கிடைத்த ஒரு விந்தையான விடையைப் பற்றி. குழாய்க்குள் நிற்கும் நீரையே உறையவைத்து, அந்தக் கட்டியையே அடைப்பாக்கி, பழுது பார்த்து, பின் உருகவிட்டுவிடுவது. வெளியிலிருந்து எந்த அடைப்பும் தேவையில்லை. நீருக்கு நீரே மடை.

ஏன் இப்படி ஒரு வழி வேண்டும்? வால்வு இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் வால்வே பழுதடைந்தால் அதை எதைக் கொண்டு மூடுவது? அதற்கு முந்தைய வால்வை மூட வேண்டும். அதுவும் துருவேறிச் சுற்ற மறுத்தால் இன்னும் பின்னே போக வேண்டும். இப்படிப் போனால் ஒரு முழங்கை அளவு குழாய்க்காக ஒரு மருத்துவமனை முழுவதும், ஓர் ஆலை முழுவதும் நீரை வடித்தாக வேண்டும். கண்மாய் மடைக்கும் இதே சிக்கல்தான். மடையைச் செப்பனிட வேண்டுமானால் கண்மாய் வற்றும் கோடைக்காகக் காத்திருந்தார்கள். கட்டடத்துக்குக் கோடை இல்லை.

குளிர்நாட்டார் இந்த வழியைத் துன்பத்திலிருந்து கற்றனர் எனலாம். அங்கே குழாய் தானே உறைந்து வெடிக்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவடைகிறது. புளோரன்ஸ் நகரின் சிமெந்தோ கழகத்தார் உலோக உருண்டைகளில் நீரை நிரப்பி உறையவைத்து அவை பிளப்பதைக் கண்டு, 1667இல் வெளியிட்ட தங்கள் நூலில் பதிவு செய்தார்கள். நமக்கோ பனிக்கட்டி கடல் கடந்து வந்த பொருள். பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் ட்யூடர் 1833இல் டஸ்கனி என்ற கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் அதில் பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவருடைய வணிகத்துக்காக எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் பின்னர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாகி, 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. 1870களில் இயந்திரத்தால் செய்த பனிக்கட்டி இந்திய நகரங்களில் வரத் தொடங்கியதும், அந்தக் கப்பல் வணிகம் மெல்லக் கரைந்துபோயிற்று. அதன்பின் நமக்குப் பனிக்கட்டி பானத்துக்கும் மீனுக்கும் உரியதாயிற்று. அதை ஒரு கருவியாக எண்ணிப் பார்க்க நமக்கு வாய்ப்பு நேரவில்லை.

ட்யூடரின் கப்பல் கல்கத்தாவுக்கு வந்த இரண்டாண்டுகளில், பாரிஸில் வேறொரு வகைக் கட்டி பிறந்தது. 1835இல் தீலோரியே என்ற பிரெஞ்சுக்காரர் பேரழுத்தத்தில் திரவமாக்கிய கரியமிலவாயுவைத் திறந்துவிட்டபோது, அது சட்டென்று விரிந்து குளிர்ந்து வெண்பனியாக உறைந்தது. இதன் வெப்பநிலை சுழிக்குக் கீழே 78.5 பாகை. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது உருகி நீர்மமாவதில்லை, நேரே ஆவியாகிவிடும். பாத்திரம் நனைவதில்லை. அதனால்தான் 1920களில் அமெரிக்காவில் இதை விற்கத் தொடங்கியவர்கள் உலர்ந்த பனிக்கட்டி என்ற பொருளில் டிரை ஐஸ் என்று பெயரிட்டனர். உணவுப் பொருள்களை ரயிலில் அனுப்பும் வணிகம் அதைப் பரப்பியது.

இந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கத்திலேயே ஒரு சாவு இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் இறுதியில், பாரிஸ் மருந்தியல் பள்ளியில் தீலோரியேயின் கருவியைக் கொண்டு வாயுவைத் திரவமாக்கிக் கொண்டிருந்தபோது அதன் வார்ப்பிரும்பு உருளை வெடித்தது. ஏர்வி என்ற இளம் உதவியாளர் உயிரிழந்தார். கண்டுபிடித்தவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. ஏர்வியின் பெயர் அடிக்குறிப்புகளில்தான் கிடைக்கும். அடைபட்ட கரியமிலவாயு என்ன செய்யும் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் அவர்தான் என்பதால் இங்கே அவரை நினைவுகூர்வது முறையாகும்.

தீலோரியே மற்றொன்றையும் கவனித்தார். வெண்பனியை வெறுமனே ஒரு பொருளின்மேல் வைத்தால் அது எதிர்பார்த்த அளவு குளிர்வதில்லை. பனியிலிருந்து எழும் வாயுப் படலமே இடையில் நின்று வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது. ஈதரைச் சேர்த்துக் கூழாக்கினால் அது பொருளோடு ஒட்டி நின்று வெப்பத்தை விரைந்து இழுக்கும். இந்தக் கலவையைக் கொண்டுதான் மைக்கேல் ஃபாரடே 1840களில் பல வாயுக்களைத் திரவமாக்கினார். குழாயை உறையவைப்பவர்களுக்கும் இதுவே முதற்பாடம். குழாயைச் சுற்றி உறை ஒன்றைக் கட்டி, அதனுள் பொடித்த உலர்பனியை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். உருளையிலிருந்து திரவக் கரியமிலவாயுவை நேரே உறைக்குள் பீய்ச்சி, அங்கேயே பனியாக்கும் கருவிகளும் பின்னாளில் வந்தன. ஈதர் போன்ற எரியும் நீர்மங்களைச் சேர்ப்பது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட வேண்டிய பழக்கம். அருகில் வெல்டிங் நடக்கும் இடத்தில் அது தீயை அழைப்பதாகும்.

குளிரைக் கட்டுமானக் கருவியாக்கும் எண்ணத்துக்கும் ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1883இல் ஜெர்மனியின் பொயெட்ச் என்ற பொறியாளர், நீர் சுரக்கும் மண்ணில் சுரங்கக்குழி தோண்ட, சுற்றிலும் குழாய்களை இறக்கிக் குளிர்ந்த உப்புநீரைச் சுழலவிட்டு மண்ணையே சுவராக உறையவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து சுவராகிறது. இங்கே குழாய்க்குள் இருக்கும் நீர் உறைந்து கதவாகிறது.

இனி அளவுகளைப் பார்ப்போம். 5 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 20 செ.மீ. நீளத்துக்கு அடைப்பு வேண்டும் என்று கொள்வோம். அதிலுள்ள நீர் ஏறத்தாழ 400 கிராம். மதுரைக் குழாய்நீர் 30 பாகையில் இருந்தால், அதைக் குளிர்வித்து உறையவைக்க ஏறக்குறைய 180 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ உலர்பனி ஆவியாகும்போது சுமார் 570 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். கணக்கின்படி மூன்றில் ஒரு கிலோ போதும். ஆனால் குழாயின் உலோகமும், இருபுறமும் உள்ள நீரும், நம் ஊர்க் காற்றும் வெப்பத்தை ஊட்டிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் பன்மடங்கு தேவைப்படும். வேலை முடியும்வரை நிரப்பிக்கொண்டும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குழாயில் நீர் அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் நீர் புதிய வெப்பத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். மெல்லிய கசிவுகூட நடுவே ஒரு துளையைத் திறந்தபடியே வைத்திருக்கும். ஏனெனில் பனி குழாய்ச் சுவரில் தொடங்கி வளையம் வளையமாக நடுநோக்கி வளர்கிறது. கடைசியாக மூடுவது மையம். உறையின் இருபுறமும் வெண்ணிற உறைபனி படர்வது நல்ல அறிகுறி, ஆனால் அதுவே சான்று ஆகாது. அடைப்புக்கு அப்பால் உள்ள வடிகுழாயைச் சற்றே திறந்து, நீர் முற்றிலும் நின்றதா எனப் பார்த்த பின்னரே குழாயை வெட்ட வேண்டும்.

அடுத்தது வெடிப்பு. உறைந்த குழாய்கள் பெரும்பாலும் பனி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கும் மூடிய வால்வுக்கும் இடையே சிக்கிய நீர் நெருக்குண்டு, அந்த அழுத்தத்தால் வேறிடத்தில் வெடிக்கின்றன. ஆகவே மூடிய வால்வுக்கு அருகிலோ, முட்டுமுனைக்கு அருகிலோ அடைப்பை உண்டாக்கக் கூடாது. இரண்டு அடைப்புகள் வேண்டுமானால் இடையிலுள்ள நீர் விரியவோ வடியவோ வழி இருக்க வேண்டும். செம்பும் துருவேறா எஃகும் இக்குளிரைத் தாங்கும். வார்ப்பிரும்பும் பிவிசியும் நொறுங்கும் தன்மை பெறும். உறைந்த பகுதியில் சுத்தியல் படக்கூடாது. வேலை முடிந்ததும் பனி தானே உருக வேண்டும். தீச்சுவாலை காட்டி விரைவுபடுத்தினால், சுவரோடு கொண்ட பிடியை இழந்த கட்டி நீரழுத்தத்தில் குண்டுபோல் பாயும்.

பெருந்தொழில்களில் உலர்பனியைவிடக் குளிர்ந்த திரவ நைட்ரஜனைப் பயன்படுத்துகிறார்கள். கல்பாக்கத்தில் 1984, 1986ஆம் ஆண்டுகளில் உற்பத்தியைத் தொடங்கிய இரு கனநீர் உலைகளும் கனடாவில் வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு உலையிலும் 306 எரிபொருள் வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஊட்டுக்குழாய் உண்டு, தனி வால்வு கிடையாது. இக்குடும்ப உலைகளில் ஒரு வழியை மட்டும் பிரித்தெடுக்க ஊட்டுக்குழாயை உறையவைப்பது பழகிய முறை. கனநீர் 3.8 பாகையிலேயே உறைந்துவிடும் என்பது இயற்கை தரும் சிறு சலுகை.

ஆயினும் பனிக்கதவை நம்பிக் கண்ணயரக் கூடாது. 1989 ஏப்ரலில் அமெரிக்காவின் ரிவர் பெண்ட் அணுமின் நிலையத்தில், 6 அங்குல நீர்க்குழாயில் இட்ட பனியடைப்பு பிடிவிட்டது. ஏறத்தாழ 15,000 காலன் நீர் கட்டடத்துக்குள் பாய்ந்து, கீழ்த்தளத்து மின்கருவிகள் வரை சென்றது. அந்நாட்டு அணுசக்தி ஒழுங்காணையம் 1991இல் இம்முறையின் இடர்களைக் குறித்து எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. அடைப்பு தோற்றால் அடுத்து என்ன செய்வது என்ற ஏற்பாடு இல்லாமல் குழாயை வெட்டக் கூடாது என்பதே இதன் படிப்பினை.

இவை அனைத்தினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கிலோ உலர்பனி அறையின் வெப்பநிலையில் 500 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக மாறும். கரியமிலவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்தில் இறங்கித் தேங்கும். குழாய்களோ பெரும்பாலும் பள்ளத்திலும் நிலவறையிலும்தான் இருக்கின்றன. அங்கே குந்தியமர்ந்து வேலை செய்யும் மனிதரின் மூக்கு, வாயு தேங்கும் உயரத்தில் இருக்கிறது. முதலில் தலைவலி, மூச்சிரைப்பு, பின்னர் மயக்கம். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். நம் நாட்டில் தொட்டிகளிலும் சாக்கடைக் குழிகளிலும் அடுத்தடுத்து இறங்கி மாண்டவர்களின் செய்திகளைப் படித்துக்கொண்டே இருக்கிறோம். வாயு வேறு, குழியின் இயல்பு ஒன்றுதான். எனவே காற்றோட்டமும், வாயுவை அளக்கும் கருவியும், மேலே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாத குழியில் உலர்பனி இறங்கக் கூடாது. வெறுங்கையால் தொட்டால் தோல் கருகும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் ஏர்வியின் கதை திரும்பும்.

தென்மாவட்டக் கண்மாய்களில் நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுபவருக்கு நீர்க்கட்டி என்றொரு பெயர் வழங்குகிறது. நீரைக் கட்டுபவர் என்பது பொருள். உறைந்த நீரின் கட்டிக்கும் அதே பெயரைச் சூட்டலாம். தமிழ் இரண்டுக்கும் இடம் தருகிறது. மறிப்பது கல்லோ, மரமோ, இரும்போ, நீரோ, எதுவாயினும் மடைக்குள் இறங்குபவர் ஒரு மனிதர். அவர் மேலேறி வருவதையும் சேர்த்துத்தான் ஒரு தொழில்நுட்பத்தின் வெற்றியை நாம் கணக்கிட வேண்டும்.