ஹசெகுராவின் கடற்செலவும் அதன் சான்றுகளும்

ஜப்பான் நாட்டின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின் வடகிழக்குக் கரையில் இஷினொமாக்கி என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரின் கிழக்கே, ஓஷிக்கா என்னும் நிலமுனை கடலுள் நீண்டு செல்லும் இடத்தில், 'சான் ஹுவான் பவுதிஸ்தா' என்னும் பழைய கலத்தின் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ளது. 1613ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அந்நிலமுனையிலுள்ள சுக்கினோவுரா என்னும் சிறு விரிகுடாவினின்று அக்கலம் புறப்பட்டது. அதனைக் கட்டுவித்தவர் செண்டாய் நாட்டுத் தலைவர் தாத்தே மசமுனே. அவர்தம் 'சாமுராய்' என்னும் போர்மறவருள் ஒருவராகிய ஹசெகுரா ரொக்குவெமோன் சுனெனகா அதிலே தூதராகச் சென்றார். அச்செலவின் வரலாற்றை அறிதற்பொருட்டு அண்மையில் யாம் அவ்வருங்காட்சியகத்தைச் சென்று கண்டோம். ஆண்டுக் கண்டவற்றால் எழுந்த ஒரு வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏழாண்டுக் காலம் கடல்கடந்து சென்றுவந்த ஒரு தூதுக்குழுவைப் பிறந்த நாடே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ மறந்திருந்தது எங்ஙனம்? அம்மறதியினின்று அது மீண்டது எவற்றின் துணையால்? இதுவே அவ்வினா.

கலமில்லாத் துறை

கலத்தைக் காணச் சென்ற யாம் முதலிற் கண்டது கலமில்லாத் துறையேயாகும். 1993ஆம் ஆண்டில் அக்கலத்தின் முழு அளவுப் படி ஒன்று மரத்தாற் கட்டப்பெற்றது; 1996இல் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை துறையையும் காட்சிக்கூடத்தையும் சிதைத்தது. படிக்கலம் அவ்வலைக்குத் தப்பி நின்றது. ஆயினும் மரம் உளுத்து வலிவிழந்தமையால், அலை அழியாது விட்ட அக்கலம் 2021ஆம் ஆண்டு முதல் மனிதர் கையாலேயே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அங்குள்ளது நான்கில் ஒரு பங்கு அளவினதாய், இழை சேர்ந்த நெகிழியால் ஆகிய சிறு மாதிரியாகும். 2024ஆம் ஆண்டில் அம்மாதிரியோடு அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பெற்றது.

முழு அளவுப் படியையும் மூலக்கலத்தின் நேர்ப்படி என்று கொள்ளுதல் பொருந்தாது. மூலக்கலத்தின் வரைபடம் எதுவும் கிடைத்திலது. செண்டாய் நாட்டுப் பழங்குறிப்புகள் அதன் அகலம் ஐந்தரைக் 'கென்' என்றும் நீளம் 18 'கென்' என்றும் இவை போன்ற சில அளவுகளை மட்டும் கூறுகின்றன. எஞ்சியவெல்லாம் அக்காலத்து ஸ்பானியக் கலங்களின் அமைப்பை ஒப்புநோக்கி அறிஞர் உய்த்துணர்ந்தவையே. கப்பற்றச்சர் 800 பேரும் கொல்லர் 700 பேரும் மரத்தச்சர் 3000 பேரும் கூடி 45 நாளில் அதனை முடித்தனர் என்று பலரும் எழுதுவர். அவ்வெண்களை உள்ளவாறே கொள்ளத் தயங்குவோரும், ஒரு நாட்டுத் தலைவர் தம் ஆற்றல் முழுவதையும் அப்பணியிற் செலுத்தினார் என்பதை மறுக்கவியலாது.

செலவின் காரணம்

ஹசெகுராவே பசிபிக் பெருங்கடலைக் கடந்த முதல் ஜப்பானியர் என்பது பரவலாக வழங்கும் ஒரு பிழை. 1609இல் மணிலாவினின்று மெக்சிகோவுக்குச் சென்ற ஸ்பானியக் கலம் ஒன்று ஜப்பானியக் கரையில் உடைந்தது. அதில் வந்த ரொத்ரிகோ தெ விவேரோ என்னும் தலைவரை, ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸ் கட்டிய கலத்தில் ஏற்றி, 1610இல் தொக்குகவா இயேயசு திருப்பி அனுப்பினார். அக்கலத்தில் தனக்கா ஷோசுக்கே என்னும் வணிகரும் வேறு சில ஜப்பானியரும் மெக்சிகோ சென்று, மறு ஆண்டே மீண்டனர். ஆகவே கிழக்கு நோக்கிய கடல்வழி ஹசெகுராவுக்கு முன்பே ஜப்பானியர்க்கு அறிமுகமாகியிருந்தது.

மேற்கு நோக்கிய வழி அதனினும் பழையது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542ஆம் ஆண்டு முதல் சமயப்பணி ஆற்றிய பிரான்சிஸ் சவேரியாரே 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். அவர் தொடங்கிய தொடர்பின் பயனாக, 1582இல் புறப்பட்ட ஜப்பானிய இளைஞர் நால்வர் கொச்சி, கோவா வழியாக உரோமாபுரி சென்று 1590இல் தாயகம் திரும்பினர். அவர்கள் போர்ச்சுகீசியரது இந்தியக் கடல்வழியிற் சென்றனர். மசமுனேயின் தூதரோ ஸ்பானியரது பசிபிக் வழியைத் தெரிந்தெடுத்தார். மெக்சிகோவாகிய புதிய ஸ்பெயினோடு நேர்வாணிகம் செய்தலே மசமுனேயின் தலையாய நோக்கம் என்பதற்கு இவ்வழித் தெரிவே ஒரு சான்றாகும்.

இந்நோக்கத்தோடு வேறு இரண்டு காரணங்களும் எண்ணத்தக்கன. ஒன்று, தூதுக்குழுவின் வழிகாட்டியாகச் சென்ற பிரான்சிஸ்கத் துறவி லூயிஸ் சொத்தேலோவின் விருப்பம். தம் சபையார்க்கு வடக்கு ஜப்பானில் ஒரு மறைமாவட்டம் அமைய வேண்டும் என்பதும், அதன் தலைமை தமக்கு வாய்க்க வேண்டும் என்பதும் அவர் எண்ணம். மற்றொன்று, 1611ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை. மசமுனேயின் ஆட்சிப் பகுதியில் மட்டும் 1783 பேர் அதில் மாண்டனர் என்று குறிப்புண்டு. ஈராண்டு நிறையுமுன்னரே அதே கரையிற் பெருங்கலம் கட்டப்பெற்றமையின், அழிந்த நாட்டை மீட்டெடுக்கும் முயற்சியின் ஒரு கூறே இத்தூது என்பர் சிலர். 2011ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் இக்கருத்து வலுப்பெற்றது. இது பொருத்தமுடையதாகவே தோன்றுகிறது. எனினும், மசமுனே அக்கருத்துடன் கலம் கட்டியதாக வெளிப்படக் கூறும் ஆவணம் இன்மையின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது ஏற்புடைய ஊகமாகக் கொள்ளுதலே முறை.

செலவின் வழி

கலத்திற் சென்றோர் ஏறத்தாழ 180 பேர். அவருள் ஸ்பானியர் முதலிய அயலார் நாற்பதின்மர் அளவினர். ஏனையோர் போர்மறவர், வணிகர், மாலுமிகள், ஏவலர் ஆகிய ஜப்பானியர். மூன்று திங்களில், 1614 ஜனவரி 25ஆம் நாள், அவர்கள் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறையை அடைந்தனர். இவ்விடத்து மற்றொரு பிழையும் களையப்படல் வேண்டும். சுக்கினோவுராவிற் புறப்பட்ட கலம் ஐரோப்பாவுக்குச் சென்றதில்லை. பெரும்பாலான வணிகரும் மாலுமிகளும் மெக்சிகோவிலேயே தங்கினர். முப்பதின்மர் அளவினதாகிய தூதுக்குழு மட்டும் நிலவழியே மெக்சிகோ நகரைக் கடந்து, வேரக்குரூசுக் கடற்கரையில் ஸ்பானியக் கலமேறி, ஹவானா வழியாக அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியது.

1614 அக்டோபரில் ஸ்பெயினை அடைந்த ஹசெகுரா, 1615 ஜனவரி 30ஆம் நாள் மாத்ரித் நகரில் மன்னர் மூன்றாம் பிலிப்பைக் கண்டார். பிப்ரவரி 17ஆம் நாள் மன்னர் முன்னிலையில் திருமுழுக்குப் பெற்றார். இத்தாலிக்குச் செல்லும் வழியில் காற்று மாறியமையால், பிரெஞ்சுக் கரையிலுள்ள சாந்த்ரோப்பே என்னும் ஊரில் அவர்கள் சில நாள் தங்க நேர்ந்தது. மூக்கைத் துடைக்க மெல்லிய தாளைக் கையாண்டு, ஒருமுறை துடைத்ததை மறுமுறை தொடாது அவர்கள் எறிந்ததையும், எறிந்த தாளை ஊரார் ஓடிப் பொறுக்கியதையும் அவ்வூர்க் குறிப்புகள் பதிந்துவைத்துள்ளன. நவம்பர் 3ஆம் நாள் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் ஹசெகுராவுக்குக் காட்சி அளித்தார். மசமுனேயின் மடல் அவரிடம் சேர்க்கப்பெற்றது. பிரான்சிஸ்கத் துறவியரைத் தம் நாட்டுக்கு அனுப்புமாறும், புதிய ஸ்பெயினோடு வாணிகம் அமையத் துணைபுரியுமாறும் அம்மடல் வேண்டியது. உரோமாபுரி ஆட்சி மன்றம் ஹசெகுராவுக்கு அந்நகரக் குடியுரிமை வழங்கிச் சிறப்புச் செய்தது.

சிறப்புகள் பல கிடைத்தன. வாணிக உடன்படிக்கை ஒன்றே கிடைத்திலது. தூதர் பயணத்திலிருந்தபோதே, 1614இன் தொடக்கத்தில், ஜப்பானிய ஆட்சியினர் நாடு முழுவதும் கிறித்தவத்தைத் தடைசெய்து துறவியரை வெளியேற்றினர். அச்செய்தி ஐரோப்பாவை எட்டியபின், ஒரு கையால் ஒறுத்து மறுகையால் வேண்டும் நாட்டின் தூதரை ஸ்பானிய மன்னர் நம்பிலர். 1617இல் ஐரோப்பாவை விட்ட ஹசெகுரா, மெக்சிகோ வந்து சேர்ந்த தம் கலத்திலேறி 1618இல் மணிலாவை அடைந்தார். கலம் அங்கே ஸ்பானியரிடம் கைமாறியது. அவ்வாண்டு மணிலாவினின்று தம் மகனுக்கு அவர் எழுதிய மடல் இன்றும் உள்ளது. மன்னரையும் போப்பாண்டவரையும் கண்ட பெருமிதம் அதில் இல்லை. லூசோன் தீவுக்கு நலமே வந்துசேர்ந்த செய்தியும், வீட்டிலுள்ளாரைப் பேணுமாறு கூறும் தந்தையின் கவலையுமே உள்ளன.

திரும்பிய பின்

1620இல் ஹசெகுரா செண்டாய் திரும்பினார். அதற்கு ஓரிரு நாளில் மசமுனே தம் நாட்டிலும் கிறித்தவத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். தலைவர் ஏவச் சென்று, அத்தலைவர் பொருட்டே ஏற்ற சமயத்தோடு மீண்டவர்க்கு நாடு அளித்த வரவேற்பு இதுவாயிற்று. 1622இல் ஹசெகுரா மறைந்தார். கரந்து ஜப்பானுக்கு வந்து சிறைப்பட்ட சொத்தேலோ 1624இல் ஓமுராவில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

ஹசெகுரா இறுதியிற் சமயத்தைத் துறந்தாரா, போற்றினாரா என்பது பற்றி அறிஞர் கருத்து மாறுபடுவர். அவர் பற்றுறுதியோடு மறைந்தார் என்று சொத்தேலோ எழுதினார். ஆயின் தம் பணியின் வெற்றியை நிறுவும் கடப்பாடு உடையவர் கூற்று அது. 1640இல் ஹசெகுராவின் மகன் சுனெயோரி தம் இல்லத்து ஏவலர் கிறித்தவராயிருந்தமை காரணமாகக் கொல்லப்பட்டார். குடும்பமும் தன் நிலையிழந்தது. தந்தையின் உள்ளத்தை இந்நிகழ்ச்சி நேரே காட்டாதெனினும், அவ்வில்லத்தில் அச்சமயம் முற்றும் அணைந்திலது என்பதைக் காட்டும்.

சான்றுகளின் வரலாறு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1640இல் ஹசெகுரா குடும்பத்தினின்று சிலுவை, செபமாலை, ஓவியம், குடியுரிமைப் பட்டயம் முதலியன பறிக்கப்பெற்றன. அவை அழிக்கப்படவில்லை; கிறித்தவரை ஒறுத்தற்கென்றே அமைந்த செண்டாய் ஆட்சி அலுவலகத்தில் வைக்கப்பெற்றன. குற்றத்தின் சான்றாக வைத்தவை பின்னர் வரலாற்றின் சான்றாயின. 1812ஆம் ஆண்டில் ஓத்சுக்கி கெந்தாக்கு என்னும் அறிஞர் அப்பொருள்களை நேரிற் கண்டு குறிப்பெழுதினார். அவற்றோடு ஹசெகுராவின் குறிப்பேடுகள் 19 இருந்தன என்று அவர் கூறுகின்றார். அவ்வேடுகள் பின்னர் மறைந்தன, இன்றுவரை கிடைத்தில. இச்செலவின் வரலாற்றில் ஈடுசெய்ய இயலாத இழப்பு இதுவேயாகும்.

1873இல் இவகுரா தொமொமியின் தலைமையில் ஐரோப்பா சென்ற புதிய ஜப்பானிய அரசின் தூதர்கள் வெனிசு நகர ஆவணக் காப்பகத்தைக் கண்டபோது, ஹசெகுராவின் கையொப்பமிட்ட மடல் அவர்கள்முன் வைக்கப்பெற்றது. தமக்கு முன்னே தம்மவர் ஒருவர் அங்குத் தூதராக வந்திருந்தமையை அவர்கள் அயல்நாட்டுக் காப்பகத்தில் அறிந்து வியந்தனர். 1876இல் செண்டாயில் நடைபெற்ற கண்காட்சியில் ஹசெகுராவின் பொருள்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. 2001இல் அவை ஜப்பானின் தேசியச் செல்வமாயின. 2013இல் அவற்றுட் சில யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இவை இன்று செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

அங்குள்ள ஹசெகுராவின் ஓவியத்தில், சிலுவை முன் கைகூப்பி நிற்கும் அவர் உருவத்தின் குறுக்கே மடிப்புத் தழும்புகள் ஆழப் பதிந்துள்ளன. மடித்து மறைத்து வைக்கப்பெற்ற காலத்தின் தழும்புகள் அவை. ஏட்டில் எழுதப்படாத இருநூறு ஆண்டு வரலாற்றை அத்தழும்புகளிற் காண்கிறோம்.

ஸ்பெயினில் மற்றொரு சான்று உயிரோடு உலவுகின்றது. செவில் நகருக்கு அண்மையிலுள்ள கோரியா தெல் ரியோ என்னும் ஊரில் 'ஹப்போன்' என்பதைக் குடிப்பெயராக உடையோர் பல நூற்றுவர் வாழ்கின்றனர். அது ஜப்பானைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். தூதுக்குழுவினின்று பிரிந்து அங்கே தங்கிய சிலரின் வழித்தோன்றல்கள் தாம் என்பது அவர்தம் நம்பிக்கை. பெயர் ஒன்றையே கொண்டு மரபுவழியை நிறுவுதல் அரிதெனினும், பிற குறிப்புகளோடு ஒத்துச் செல்லும் பெயர்ச்சான்றை எளிதில் ஒதுக்குதலும் தகாது.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஹசெகுராவின் செலவைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் மூவகையார் வைத்துச் சென்றவை: விருந்தோம்பிய அயலார் எழுதிய குறிப்புகள், தம் கருத்தை நிறுவ முயன்ற துறவியரின் எழுத்துகள், தண்டிக்கும் நோக்கோடு பறித்தவர் சேமித்த பொருள்கள். பயணம் செய்தவர்தம் சொல்லே மிகக் குறைவாக எஞ்சியது. ஆகவே ஒரு நாட்டின் ஆவணங்கள் ஒரு செலவைப் பற்றி வாய்திறவாமையின், அச்செலவு நிகழ்ந்ததில்லை என்று துணிதல் பிழையாகும். அம்மௌனம் ஏன் நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று வினவுதலே ஆய்வாளர் கடன்.

அருங்காட்சியகத்தினின்று வெளிப்போந்து, வெறுந்துறையை மீண்டும் நோக்கினோம். கலம் மணிலாவில் விலைபோயிற்று. அதன் படியும் உளுத்துப் பிரிக்கப்பட்டது. எழுதிய ஏடுகள் மறைந்தன. மகனுக்கு எழுதிய ஒரு மடல் மட்டும் எஞ்சி, சென்றவர் ஒரு மனிதர் என்பதை உரைத்து நிற்கின்றது. அந்த 19 ஏடுகளும் என்றேனும் எங்கேனும் கிடைக்குமாயின், இக்கட்டுரையிற் கூறியவற்றுட் பல திருத்தம் பெறுதல் கூடும். அத்திருத்தத்தை யாம் மகிழ்ந்தே எதிர்நோக்குவோம்.